எக்ஸ்ரே கிளியர்னா நுரையீரல் கிளியர்னு யார் சொன்னா?

போன வாரம் ஒரு ஆச்சி வந்தாங்க, காரைக்குடிக்குப் பக்கத்து ஊரு. மஞ்சப்பைக்குள்ள நாலு எக்ஸ்ரே. முகப்புல இருந்து ரெண்டாங்கட்டுக்கு நடக்குறதுக்குள்ள ரெண்டு தடவை தூண்ல சாஞ்சு நிக்கணுமாம், ரெண்டு வருஷமா. ஒருத்தர் வீசிங்னு பஃப் குடுத்திருக்காரு, ஒருத்தர் கேஸ்னாரு, இன்னொருத்தர் கவலைய விடுங்கன்னு தூக்க மாத்திரையே எழுதிட்டாரு. மகன் வேற, "எல்லா எக்ஸ்ரேயும் கிளியர் டாக்டர், ஆத்தா சும்மா பயப்படுறாங்க"ங்கறாரு. இந்த மாசத்துல இது மூணாவது ஆளு, அதான் எழுதவே உக்காந்துட்டேன்.

எக்ஸ்ரேங்கறது நெஞ்சு முழுசையும் ஒரே தாள்ல அமுக்கின நிழல் அவ்வளவுதான். சளி கட்டினா தெரியும், தண்ணி கோத்தா தெரியும், பெரிய கட்டி தெரியும். 2 மில்லிமீட்டருக்கும் கம்மியான மூச்சுக்குழாய் உள்ளுக்குள்ள சுருங்கி அடைச்சா அதுல எப்படிங்க தெரியும்? ஓட்டு மேல நின்னு பாத்துட்டு வளவுல எந்த அறைக் கதவு ஒட்டிக்கிச்சுன்னு சொல்ற கதைதான். 1970லயே ஜெரி மீட்ங்கற அமெரிக்க விஞ்ஞானி இந்த இடத்தை சத்தமே போடாத பகுதின்னு எழுதிட்டாரு, ஏன்னா இந்தக் குழாய்ங்க கணக்கில்லாம இருக்கு, நிறைய அடைச்ச பிறகுதான் மூச்ச அளக்க ஊதுற டெஸ்ட்டே லேசா இறங்கும். அதனால ஊதுற டெஸ்ட் நார்மல்னாலும் நான் விட்டுட மாட்டேன்.

சி.டி. எடுக்கணும், அதுவும் ரெண்டு தடவை, மூச்ச இழுத்துப் பிடிச்சு ஒண்ணு, முழுசா வெளிய விட்டுட்டு ஒண்ணு. ரெண்டாவதை எழுதாம அனுப்புறது டாக்டருங்க நாங்கதான், ஸ்கேன் சென்டர குறை சொல்லிப் பிரயோஜனம் இல்ல. காத்த விட்டதும் நல்ல பகுதி சாம்பல் நிறமாகும், காத்து மாட்டிக்கிட்ட பகுதி கறுப்பாவே நிக்கும், பாக்க நம்ம ஆத்தங்குடி கல்லுத் தரை மாதிரி திட்டுத் திட்டா. நாங்க அதுக்கு மொசைக்னே பேரு வச்சிருக்கோம்.

ரிப்போர்ட்ல "ஸ்மால் ஏர்வே டிசீஸ்"னு, அதாவது சின்ன மூச்சுக்குழாய் வியாதின்னு வந்துட்டா வியாதி கண்டுபிடிச்சாச்சுன்னு நினைக்காதீங்க. அது விலாசம், ஆள் பேரு இல்ல. பீடி சிகரெட்டால வந்ததுன்னா அத நிறுத்துறதுதான் முதல் மருந்து. மூட்டுவாதத்தோட வர்றது வேற. ஜப்பான்ல அதிகம் பாத்த ஒரு வகைக்கு எரித்ரோமைசின் மாசக்கணக்கா குடுப்பாங்க. 2000-ல மிசௌரி பாப்கார்ன் ஃபாக்டரி ஆளுங்களுக்கு வெண்ணெய் வாசனைக்குப் போடுற டைஅசிட்டைலால வந்துச்சே, அது தழும்பாயிட்டா திரும்பாது. சி.டி.ல மொட்டு விட்ட கிளை மாதிரி தெரிஞ்சா நம்ம ஊர்ல முதல்ல டிபியத்தான் தேடணும். எல்லாத்துக்கும் ஒரே நீலப் பஃப்னா எப்படி?

ஆச்சிக்கு சி.டி.ல மொசைக் பளிச்சுன்னு இருந்துச்சு, இங்கங்க பனிமூட்டம் மாதிரியும். வீட்டுல புறா இருக்கான்னு கேட்டேன். "எங்க வீட்டுல எங்கய்யா, நாங்கதான் புறா வீட்டுல இருக்கோம்"னாங்க. பங்காளிக பூட்டிப் போட்ட அறை, உத்தரம் பூரா எச்சம், காலைல புறாவுக்குக் கம்பு போடுறதும் காய்ஞ்ச எச்சத்தக் கூட்டுறதும் ஆச்சிதான். எச்சத்துலயும் இறகுத்தூள்லயும் இருக்குறத நுரையீரல் ஒத்துக்கல, பேரு ஹைப்பர்சென்சிடிவிட்டி நிமோனைட்டிஸ். ரெண்டு வருஷத்துல யாராவது இந்த ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்.

தயவுசெஞ்சு காய்ஞ்ச எச்சத்த விளக்கமாத்தால கூட்டாதீங்க, விசேஷத்துக்குப் பூட்டின வீட்டத் திறந்தா தண்ணி தெளிச்சு நனைச்சுட்டு எடுங்க, என்95 மாஸ்க் போடுங்க, முந்தானையெல்லாம் கணக்குல வராது. ஏற்கனவே இந்த வியாதி இருந்தா மாஸ்க்கும் போதாது, அந்தப் பக்கமே போகக் கூடாது. நடந்தா மூச்சு வாங்குது, வறட்டு இருமல், எக்ஸ்ரே கிளியர்னா நெஞ்சு டாக்டர்கிட்ட போங்க, போறப்ப வீட்டுல என்ன வளக்குறீங்க, எந்த வேலை, எந்தப் புகைன்னு நீங்களே சொல்லிடுங்க.

ஸ்டீராய்ட் எழுதிட்டு, மருந்தவிட புறாவ விட்டு விலகுறதுதான் முக்கியம்னு சொன்னேன். மகன் வலை அடிக்க ஆள் பாக்குறாரு, அதுவரைக்கும் ஆச்சி மக வீட்டுல. கிளம்புறப்ப கேட்டாங்க, "கம்ப அடுத்த வீட்டுக்காரங்களப் போடச் சொல்லட்டா?"