ஆஃபர் ஷீட்: விலை ஏற்றும் ஆஃபர்

நம் ஊரில் 'ஆஃபர்' என்றதும் ஆடி மாதத் துணிக்கடைதான் நினைவுக்கு வரும். விலை இறங்கும். வட அமெரிக்காவின் என்.எச்.எல். ஐஸ் ஹாக்கியில் ஏறக்குறைய அதே மாதங்களில் அடிபடும் 'ஆஃபர் ஷீட்' இதற்கு நேர்மாறு. ஓர் இளம் வீரருக்குச் சொந்த அணி தர நினைத்ததைவிட அதிக விலை வைத்து, இன்னோர் அணி நீட்டும் தாள் அது. ஆட்டமே இல்லாத கோடையில் ரசிகர்களை இந்த அளவுக்குச் சண்டைக்கு இழுக்கும் சொல் வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

முதலில் பொருளைப் பார்ப்போம். ஒப்பந்தம் முடிந்த எல்லா வீரர்களும் ஒரே மாதிரி விடுபடுவதில்லை. 27 வயதைத் தொட்டவர்களும் ஏழு பருவங்கள் ஆடி முடித்தவர்களும் ஜூலை 1 முதல் யாரோடு வேண்டுமானாலும் பேசிச் சேர்ந்துகொள்ளலாம். மற்ற இளையவர்கள் மீதான பிடியை, முறைப்படி ஒரு புதுச் சம்பளத்தை முன்வைத்து, பழைய அணி தன்னிடமே வைத்துக்கொள்ளும். இவர்களுக்கு 'ரெஸ்ட்ரிக்டட் ஃப்ரீ ஏஜென்ட்' என்று பெயர். கட்டிப்போட்ட சுதந்திரம்! இப்படிப்பட்டவரைப் பழைய அணியின் சம்மதம் இல்லாமலே வெளி அணி ஒன்று அணுகுவதற்கான வழிதான் ஆஃபர் ஷீட். வீரர் அதில் கையெழுத்துப் போட்டதும் பழைய அணிக்கு 7 நாள் கெடு. அதே தொகை, அதே ஆண்டுகள் என்று ஒப்புக்கொண்டால் அவரை வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஓராண்டுக்கு வேறு அணிக்கு மாற்ற முடியாது. ஒப்புக்கொள்ளாவிட்டால், பறித்த அணியின் டிராஃப்ட் வாய்ப்புகள், அதாவது லீகுக்குப் புதிதாக வரும் இளைஞர்களைச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் உரிமைகள், இழப்பீடாக வரும். சம்பளம் ஏற ஏற இழப்பீடும் ஏறும். உச்சப் படியில் நான்கு முதல் சுற்று வாய்ப்புகள் வரை போகும். நிலத்தை வெளியாளுக்குக் கொடுக்குமுன் பங்காளியிடம் ஒரு வார்த்தை கேட்பார்களே, அந்த உரிமைதான் இங்கே பழைய அணிக்கு.

சொல்லின் வேர் கொஞ்சம் வேடிக்கையானது. 'ஆஃபர்' லத்தீனத்தில் 'முன்னே கொண்டுவருதல்' என்ற பொருளில் பிறந்து, பழைய ஆங்கிலத்துக்குக் கடவுளுக்குப் படைத்தல் என்ற பொருளோடு போனது. தேவாலயக் காணிக்கையை இன்றும் ஆங்கிலத்தில் இந்தச் சொல்லால்தான் குறிக்கிறார்கள். 'ஷீட்' முதலில் துணி; காகிதம் பிறகு வந்தது. ஐஸ் ஹாக்கி ஆடும் பனித்தளத்துக்கும் ஆங்கிலத்தில் 'ஷீட்' என்ற சொல் உண்டு என்பது தற்செயல்தான். இரண்டும் சேர்ந்த 'ஆஃபர் ஷீட்', லீகும் வீரர் சங்கமும் போட்டுக்கொண்ட ஒப்பந்தத்தில் ஓர் ஆவணத்தின் பெயர். கூடைப்பந்தின் என்.பி.ஏ.விலும் இதே பெயர் உண்டு. அங்கே டிராஃப்ட் இழப்பீடு கிடையாது.

பெயர் ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. அந்தத் தாள் பழைய அணியின் மேசைக்கு வரும்போது அது வெறும் ஆஃபராக இருப்பதில்லை. வீரர் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. எங்கே ஆடுவது என்பது அவர் கையிலும் இல்லை, அழைத்த அணியின் கையிலும் இல்லை.

2024 ஆகஸ்ட் 13 அன்று நடந்ததைப் பாருங்கள். எட்மன்டன் ஆயிலர்ஸ் அந்த ஜூனில் லீகின் இறுதிச் சுற்றான ஸ்டான்லி கோப்பையின் ஏழாவது ஆட்டம் வரை போய் ஃபுளோரிடாவிடம் தோற்றிருந்தது. பழைய நட்சத்திரங்களுக்கு அள்ளிக் கொடுத்துச் ஓர் அணி மொத்தமாகத் தரக்கூடிய சம்பளத்தின் உச்சவரம்பை முட்டிக்கொண்டு நின்ற நேரம். செயின்ட் லூயிஸ் புளூஸ் மேலாளர் டக் ஆம்ஸ்ட்ராங், ஆயிலர்ஸின் இரண்டு இளைஞர்களுக்கு ஒரே நாளில் தாள் நீட்டினார். பிலிப் புரோபெர்க்: ஆண்டுக்கு 45,80,917 டாலர். டிலன் ஹாலோவே: ஆண்டுக்கு 22,90,457 டாலர். இருவருக்கும் இரண்டு ஆண்டுகள்.

அந்த விநோதமான எண்களைக் கவனியுங்கள். 45,80,917 என்பது அந்த ஆண்டு இரண்டாம் சுற்று வாய்ப்பு ஒன்றோடு முடிந்த படியின் மேல் விளிம்பு. அதைத் தாண்டியிருந்தால் முதல் சுற்றும் மூன்றாம் சுற்றும் போயிருக்கும். 22,90,457 அதேபோல மூன்றாம் சுற்றின் விளிம்பு. அதாவது எட்மன்டனுக்கு வலி அதிகமாகவும் தனக்குச் செலவு குறைவாகவும் இருக்கும்படி கடைசி டாலர் வரை கணக்குப் போட்டிருக்கிறார்கள். இழப்பீடாகச் சொந்த வாய்ப்புகளைத்தான் கொடுக்க வேண்டும் என்பது விதி. பிட்ஸ்பர்கிடம் போயிருந்த தங்கள் இரண்டாம் சுற்று வாய்ப்பை இதற்காகவே திரும்ப வாங்கிவைத்திருந்தார்கள். ஒரு வாரம் கழித்து எட்மன்டன் இருவரையும் விட்டது. அடுத்த பருவத்தில் ஹாலோவே எடுத்தது 63 புள்ளிகள் (அடித்த கோல்களும் கோலுக்கு உதவியவையும் சேர்த்து).

'திருட்டு' என்று கொதித்த எட்மன்டன் ரசிகர்களுக்கு 2007 மறந்திருக்காது என்று நம்புகிறேன். அந்தக் கோடையில் டஸ்டின் பென்னரை ஐந்தாண்டு, 2.125 கோடி டாலர் தாளில் அனஹெய்மிடமிருந்து தூக்கியது இதே எட்மன்டன்தான். அனஹெய்ம் மேலாளர் பிரையன் பர்க்குக்கு வந்த கோபம், எட்மன்டனின் கெவின் லோவைக் கொட்டகை ஒன்றில் நேருக்கு நேர் சண்டைக்கு அழைக்கும் அளவுக்குப் போனது. பின்னாளில் பர்க்கே சொன்ன கதை.

பழிவாங்கலும் உண்டு. 2019இல் மான்ட்ரியால், கரோலினாவின் செபாஸ்டியன் ஆஹோவுக்குத் தாள் நீட்டியது. கரோலினா அதே தொகை கொடுத்துத் தக்கவைத்தது. 2021இல் கரோலினா, மான்ட்ரியாலின் யெஸ்பெரி கொட்கானியெமியை ஏறத்தாழ 61 லட்சம் டாலருக்குத் தூக்கியது. அதில் கையெழுத்துப் போனஸ் 20 டாலர். ஆம், வெறும் 20. ஆஹோவின் சட்டை எண் 20! இந்த அளவு குசும்பை ஓர் ஒப்பந்தத்தில் எழுத முடியும் என்று அதுவரை யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

எல்லாம் வெற்றியில் முடிவதில்லை. 2012இல் நாஷ்வில்லின் ஷே வெபருக்குப் பிலடெல்பியா நீட்டிய 14 ஆண்டு, 11 கோடி டாலர் தாளை நாஷ்வில் அதே தொகைக்கு ஒப்புக்கொண்டு விழுங்கிக்கொண்டது. அதனால்தான் பல மேலாளர்கள் இதைத் தொடவே தயங்குகிறார்கள்: நாம் விலையை ஏற்றிவிட்டால் நாளை நமக்கும் இதே கதிதானே என்ற பயம். இதைப் 'பண்பாடு' என்று சொல்லிக்கொள்கிறார்கள். எனக்கு அது முதலாளிகள் பேசிவைத்துக்கொண்டு சம்பளத்தை அமுக்குவது போலத்தான் தெரிகிறது. இருபத்திரண்டு வயதுப் பையனுக்குத் தன் சந்தை விலையைத் தெரிந்துகொள்ள இருக்கும் வழியே இது ஒன்றுதான். அதையும் அநாகரிகம் என்றால் எப்படி?

சரி, தமிழில் என்ன சொல்வது? அகராதியைத் திறந்து 'சலுகைத் தாள்' என்றால் மறுபடி துணிக்கடைக்குப் போய்விடுவோம். 'முன்மொழிவுத் தாள்' சொல்லுக்குச் சொல் சரி. ஆனால் கையெழுத்து ஆகிவிட்டது என்பது அதில் இல்லை. 'விலைப்புள்ளி' அரசு டெண்டர் வாடை அடிக்கிறது. நான் 'போட்டி ஒப்பந்தம்' என்று எழுதுகிறேன். ஒப்பந்தம் முடிந்துவிட்டதும் தெரிகிறது, எதிரே ஓர் அணி நிற்பதும் தெரிகிறது. பழைய அணி அதே தொகையைத் தருவதற்கு 'சரிக்கட்டுதல்' வேண்டாம். லஞ்சம் கொடுத்ததுபோல இருக்கும். 'ஈடுகொடுத்தல்' நன்றாகப் பொருந்தும். எழுதிப் பார்த்தால் இப்படி வரும்: புரோபெர்குக்குச் செயின்ட் லூயிஸ் போட்டி ஒப்பந்தம் நீட்டியது, எட்மன்டன் ஈடுகொடுக்கவில்லை, இரண்டாம் சுற்று வாய்ப்பை இழப்பீடாக வாங்கிக்கொண்டது.