முந்நூறு ரூபாய் ஸ்பிரிங்கும் பிரிவு 5-ம்

"துப்பாக்கி செஞ்சதா போட்டிருக்காங்க சார். நான் எங்க சார் செஞ்சேன்? ஒரு ஸ்பிரிங் மாத்திக் குடுத்தேன். முந்நூறு ரூபா கூலி. அதுலயும் நூறு ரூபா பாக்கி."

கிளைச் சிறையின் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, வக்கீலான என்னிடம் அவர் சொன்னது இது. கல்வராயன் மலை அடிவாரத்தில் லேத் பட்டறை வைத்திருப்பவர். மோட்டார் ஷாஃப்ட், ஏர் கலப்பைப் பூட்டு, டிராக்டர் புஷ் என்று இருபது வருடப் பிழைப்பு. மலை மேல் இருக்கும் ஒரு விவசாயி, பன்றி விரட்ட லைசென்ஸ் வாங்கி வைத்திருந்த நாட்டுத் துப்பாக்கியைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். குதிரை (விசையை இழுத்ததும் தட்டிச் சுட வைக்கும் பாகம்) நிற்கவில்லை, தானாக விழுகிறது. இவரும் பார்க்கிறேன் என்று வாங்கி வைத்துக்கொண்டார். அந்த வாரமே தேர்தல் அறிவிப்பு வந்தது. லைசென்ஸ் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொன்னார்கள். விவசாயி சாவகாசமாக, "பட்டறையில கெடக்குதுங்க, நாளைக்கு வாங்கியாந்து தரேன்" என்றார். போலீஸ் நாளைக்கு வரை காத்திருக்கவில்லை.

(ஆளும் ஊரும் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன். சட்டத்தை மாற்றவில்லை.)

இதுபோன்ற வழக்குகளில் வருகிற எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: பழுது பார்ப்பது எப்படித் தயாரிப்பு ஆகும்? நியாயமான கேள்விதான். அமெரிக்காவில் இந்தக் கேள்விக்கே தனி மதிப்பு உண்டு. அங்கே டீலர் உரிமம் உள்ள பழுதுக்காரர், வாடிக்கையாளரின் துப்பாக்கியைச் சரிசெய்து கொடுக்கலாம். உதிரிகளை வாங்கித் தானே பூட்டி விற்கத் தொடங்கினால்தான் உற்பத்தியாளர் உரிமம் கேட்பார்கள்.

நம் ஊரில் அந்தக் கோடே வேறு மாதிரி. 1959-ஆம் வருட ஆயுதச் சட்டத்தின் பிரிவு 5 உரிமம் இல்லாமல் எதையெல்லாம் செய்யக்கூடாது என்று ஒரே மூச்சில் அடுக்குகிறது: தயாரிப்பது, விற்பது, கைமாற்றுவது, மாற்றியமைப்பது, பழுது பார்ப்பது, சோதிப்பது. எல்லாம் ஒரே வரிசை. தண்டனைப் பிரிவான 25(1)-ம் அவற்றைத் தனித்தனியாகப் பிரிக்கவில்லை. ஆகவே "நான் செய்யவில்லை, பழுதுதான் பார்த்தேன்" என்பது தற்காப்பு அல்ல, ஒப்புதல் வாக்குமூலம். என் கட்சிக்காரர் இதற்கும் ஒரு படி மேலே போய், "சரியாச்சான்னு ஒரு வாட்டி போட்டுப் பாத்தேன் சார்" என்று வெள்ளந்தியாகச் சொல்லியிருந்தார். அது சோதிப்பது. ஒரே ஸ்பிரிங் வேலைக்கு இரண்டு வினைச்சொற்கள்.

துப்பாக்கிக்கு லைசென்ஸ் இருக்கிறதே என்பது அடுத்த வாதம். இருக்கிறது, விவசாயிக்கு. அது பிரிவு 3-ன்கீழ் வைத்திருப்பதற்கான உரிமம். பட்டறைக்காரர் தொடுவதற்கான உரிமம் அல்ல. லைசென்ஸ்தாரர் எழுத்துமூலம் அதிகாரம் கொடுத்தால், இன்னொருவர் அந்தத் துப்பாக்கியைப் பழுது பார்க்க எடுத்துச் செல்லலாம் என்று பிரிவு 3-லேயே ஒரு விலக்கு உண்டு. ஆனால் அது எடுத்துச் செல்பவருக்கான விலக்கு. போய்ச் சேரும் இடம் உரிமம் பெற்ற பழுதுக்கடையாக இருந்தாக வேண்டும்.

இனி, பழுது எந்த இடத்தில் உண்மையிலேயே தயாரிப்பாகிறது என்பதற்கு வருகிறேன். சட்டம் 'சுடுகலன்' என்று சொல்லும்போது முழுத் துப்பாக்கியை மட்டும் சொல்லவில்லை. பிரிவு 2(1)(உ)-இன் வரையறையில் அதன் பாகங்களும், அதைத் தயாரிக்கும் இயந்திரங்களும் அடங்கும். பழைய குதிரையை அரம் போட்டுச் சரிசெய்தால் பழுது. தேய்ந்துபோனதைத் தூக்கிப் போட்டுவிட்டு, இரும்பிலிருந்து புதிதாக ஒன்றைக் கடைந்து கொடுத்தால், சட்டத்தின் கண்ணில் ஒரு சுடுகலனைத் தயாரித்தாயிற்று. சின்னப் பாகங்களுக்கு விலக்கு உண்டே என்று சில இளம் வக்கீல்கள் பிரிவு 45-ஐக் காட்டுவார்கள். நிதானமாகப் படித்துப் பாருங்கள். அந்த விலக்கு பெறுவதற்கும் வைத்திருப்பதற்கும் கொண்டுசெல்வதற்கும்தான், அதுவும் மற்றப் பாகங்களோடு சேர்த்துப் பயன்படுத்தும் நோக்கம் இல்லாதபோதுதான். தயாரிப்பது என்ற சொல் அதில் இல்லை.

உரிமம் வைத்துப் பழுதுக்கடை நடத்துபவர்களுக்கு இந்தக் கோடு இன்னும் முக்கியம். உரிமத்தின் நிபந்தனையை மீறினால் பிரிவு 30: ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பழுதுக்கான உரிமத்தை வைத்துக்கொண்டு புதுக் குழலே போட்டுக் கொடுத்தால் அரசுத் தரப்பு பிரிவு 30-இல் நிற்காது, தயாரிப்புக்கு உரிமமே இல்லை என்று பிரிவு 5-க்குத் தாவும். இரண்டுக்கும் நடுவே மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

குழலை அறுப்பது தனிக் குற்றம், பிரிவு 6. வாய் பிளந்துபோன ஒற்றைக்குழல் துப்பாக்கியில் இரண்டு அங்குலத்தை அறுத்துச் சீராக்கிக் கொடுத்த ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். அவர் மனதில் அது நகவெட்டு மாதிரி வேலை. உள்வரி இல்லாத, அதாவது உட்புறம் வழுவழுப்பான குழல் 20 அங்குல நீளத்துக்குக் கீழே போனால் துப்பாக்கியின் வகையே மாறிவிடும் என்பது வேறு சங்கதி. உரிமம் இல்லாமல் எவ்வளவு அறுத்தாலும் பிரிவு 6 வந்துவிடும். பொம்மைத் துப்பாக்கியைச் சுடும்படி மாற்றுவதும் இதே பிரிவுதான். ஏர்கன்னைக் கொண்டுவந்து "கொஞ்சம் பவர் ஏத்திக் குடுங்க" என்று கேட்பவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். குண்டு வெளியேறும் ஆற்றல் 20 ஜூலுக்கு மேல் போனால் அதற்கே லைசென்ஸ் வேண்டும்.

தாத்தா காலத்துத் துருப்பிடித்த துப்பாக்கி பரணில் கிடக்கிறதே என்றும் கேட்கிறார்கள். பயன்படுத்த முடியாதபடி பழுதானதற்குப் பிரிவு 45 விலக்கு தருகிறது. ஆனால் வாசகம் "பழுது பார்த்தாலும், பார்க்காவிட்டாலும்" சுட முடியாதது என்பது. யாராவது எண்ணெய் போட்டு ஓட வைத்துவிட்டால், அது ஆரம்பத்திலிருந்தே விலக்குக்குள் இல்லை என்று அவர் கையாலேயே நிரூபித்ததாகிவிடும். எமரி தாள் போட்டுத் தேய்க்கும்போது குழலில் அடித்த எண் மறைந்துவிட்டால் இன்னொரு தொல்லை: அழித்தது வைத்திருப்பவர்தான் என்று பிரிவு 8 அனுமானித்துக்கொள்ளும்.

தண்டனை பற்றி எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. 2019 திருத்தத்துக்கு முன் பிரிவு 25(1)-க்குக் குறைந்தது மூன்று, அதிகபட்சம் ஏழு வருடம். இப்போது குறைந்தபட்சமே ஏழு, மேலே ஆயுள். கள்ளத் துப்பாக்கி செய்து கும்பல்களுக்கு விற்பவனுக்கு அது சரி. ஸ்பிரிங் மாற்றியவருக்கும் நீதிபதி அதற்குக் கீழே இறங்க முடியாது. வழக்கு மாஜிஸ்திரேட் கோர்ட்டிலிருந்து செஷன்ஸுக்குப் போய்விட்டது. குற்றப்பத்திரிகை தாக்கலாகாமல் 60 நாள் போனால் கிடைத்த ஜாமீனுக்கு இப்போது 90 நாள் காத்திருக்க வேண்டும். பிரிவு 3 குற்றத்துக்கு மாவட்ட மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதி இல்லாமல் வழக்குப் போட முடியாது என்கிறது பிரிவு 39. அந்த அனுமதி இல்லாமல் விழுந்த வழக்குகள் உண்டு. பிரிவு 5-க்கு அந்தக் கதவே கிடையாது.

அதனால்தான் மகஜரை, அதாவது போலீஸ் கைப்பற்றிய பொருள்களின் பட்டியலை, முதலில் வாங்கிப் படிக்கிறேன். நம் பட்டறைக்காரரின் மகஜரில் "துப்பாக்கி தயாரிக்கப் பயன்படும் இரும்புக் குழாய் 1" என்று ஒரு வரி. போர்வெல் வேலையில் மிஞ்சிய குழாய் அது. அளவு பார்த்தால் விரலுக்குப் பதில் கையே நுழையும். ஜாமீன் மனுவில் அந்தக் குழாயின் விட்டத்தைத்தான் முதல் பத்தியில் வைத்தேன்.

பட்டறை வைத்திருப்பவர்களுக்கு: லைசென்ஸ் காட்டினாலும் வாங்காதீர்கள்; சொந்தக்காரர் என்றாலும் வாங்காதீர்கள். துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கு: உரிமம் பெற்ற கடையில் கொடுங்கள், கடையின் உரிமம் பழுதுபார்க்கவும் சேர்த்துத்தானா என்று பாருங்கள், துப்பாக்கி எண் எழுதிய ரசீது வாங்குங்கள். மகன் கையில் கொடுத்தனுப்பினால் தேதி, எண், காரணம், கடை முகவரி போட்டு உங்கள் கையெழுத்தோடு ஒரு கடிதம் கொடுங்கள். வெள்ளைத்தாள் போதும். தேர்தல் சமயம் என்றால் ஸ்டேஷனுக்கும் முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள்.

அவருக்கு ஜாமீன் கிடைத்தது. வழக்கு இன்னும் செஷன்ஸில் நடக்கிறது. பட்டறைக்கு வைத்த சீலைத் தனி மனு போட்டு உடைத்தபோது ஐந்து மாதம் ஆகியிருந்தது. லேத்தில் இரும்பைப் பிடித்துச் சுற்றும் சக்கில் துரு ஏறி, கையால் சுற்ற முடியவில்லை. விவசாயியின் துப்பாக்கி புது ஸ்பிரிங்கோடு கோர்ட் சொத்து அறையில் இருக்கிறது.