இடம் மாற்றிய பாம் மரமும் குருத்தில் போட்ட கோடும்

பெங்களூரு அல்சூரில் எங்கள் அடுக்குமாடி வாசலில் நின்ற 15 அடி ராயல் பாம் மரத்தை, வண்டி வந்து போக இடைஞ்சல் என்று போன மே மாதம் கிரேன் வைத்துத் தூக்கிச் சற்றுத் தள்ளி நட்டோம். மூன்றே வாரத்தில் கீழ் மட்டைகள் பழுத்துத் தொங்கின. "செத்துப்போச்சு சார், வெட்டிடலாம்" என்றார் கிருஷ்ணகிரிக்காரரான வாட்ச்மேன் அண்ணன்.

மாவையும் வேம்பையும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, ராயல் பாம், தென்னை எல்லாம் அடங்கிய பனை இனம் பிடிபடாது. அது புல், மூங்கிலுக்குத்தான் நெருக்கம். ஆணிவேர் கிடையாது, தூரிலிருந்து நூற்றுக்கணக்கில் சல்லிவேர்கள் புறப்படும். வரும்போது என்ன தடிமனோ அதே தடிமன்தான், அப்புறம் பருப்பதில்லை. அவற்றை வெட்டினால் என்ன ஆகும்? புளோரிடா பல்கலைக்கழகத்தில் டிமோதி பிரோஷாட் 1980களில் இதை ஆராய்ந்தார். தென்னையில் வெட்டுப்பட்ட வேர்களில் ஏறக்குறைய பாதி பிழைத்துக் கிளைவிட்டன. அந்த ஊர் சபால் பனையிலோ அநேகமாக எல்லாமே செத்தன. தூரிலிருந்து புது வேர் வந்தால்தான் அதற்கு வாழ்வு.

புது வேர் இறங்கும்வரை மரம் தண்டில் சேர்த்து வைத்த நீரிலும் மாவுச்சத்திலும்தான் காலம் தள்ளுகிறது. நடும்போது கீழ் மட்டைகளைக் கழித்து, மிச்சத்தைத் தூக்கிக் கட்டுவது நீர் ஆவியாவதைக் குறைக்கத்தான். ஆனால் நட்ட பிறகு பழுப்பவற்றில் கை வைக்கக் கூடாது. பழைய மட்டையிலுள்ள பொட்டாசியத்தை உறிஞ்சித்தான் மரம் புது இலைக்குக் கொடுக்கிறது. அழகுக்காக அரிவாளை எடுப்பவர்கள் அதன் சேமிப்பில் கை வைக்கிறார்கள்.

புது வேருக்குச் சூடான மண் வேண்டும். அதனால்தான் மே மாதம். டிசம்பர் குளிரில் நட்டிருந்தால் வேர் சோம்பிக் கிடந்திருக்கும்.

சாய்ந்துவிடுமோ என்று பயந்து ஆழமாகப் புதைப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் தப்பு. தூர் மண்ணுக்குள் மூழ்கினால் வேருக்குக் காற்று கிடைக்காது. பழைய மட்டத்திலேயே நட்டு முட்டுக் கொடுக்க வேண்டும். முட்டுக்கட்டையைத் தண்டில் ஆணி அடித்துப் பொருத்தவும் கூடாது. மாமரம்போலப் பட்டை வளர்ந்து காயத்தை மூடும் வழி பனைக்கு இல்லை, ஓட்டை ஓட்டைதான். தண்டில் சாக்கைச் சுற்றி, அதன்மேல் ரீப்பர் கட்டைகளை நிறுத்தி இறுக்கிக் கட்டி, முட்டுக்கட்டையை அந்த ரீப்பரில் அடித்தோம். வேர்மண் ஈரமாக இருக்கத் தண்ணீர் விட்டோம், தேங்க விடவில்லை. உரம் போடவே இல்லை; வாங்கிக்கொள்ள வேர் வேண்டுமே!

சரி, உயிர் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? மட்டையை விட்டுவிட்டுக் குருத்தைப் பார்க்க வேண்டும். ராயல் பாமுக்கு வளரும் முனை உச்சியில் ஒன்றே ஒன்றுதான். அது அழுகினால் கதை முடிந்தது. ஏணி போட்டு ஏறி, குருத்திலும் பக்கத்து மட்டைக் காம்பிலும் ஒரே மட்டத்தில் மார்க்கரால் கோடு போட்டேன். குருத்து வளர்ந்தால் அதன் கோடு மட்டும் மேலே ஏறும்.

ஆறு வாரம் அசையவில்லை. ஆகஸ்டில் நான்கு விரற்கடை ஏறியிருந்தது. விரிந்த முதல் மட்டை குட்டைதான், பஞ்சகாலத்துப் பிள்ளை. இப்போது ஏணியைக் கேட்பது வாட்ச்மேன் அண்ணன்: "இன்னைக்குப் பாக்கலாமா சார்?"