உடைந்த அன்றே சொல்லிவிடுங்கள்

கடந்த செவ்வாய்க்கிழமை மாலை இலங்கை மலையகத்து ஹட்டனில் மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. பட்டறையைப் பூட்டலாம் என்று எழுந்தபோது, பதினாறு வயதிருக்கும் ஒரு தம்பி உரப்பையில் சுற்றிய பொருளோடு உள்ளே வந்தான். மேசையில் வைத்துவிட்டு ஒருமுறை வாசலைத் திரும்பிப் பார்த்தான்.

"அண்ணே, ஒட்டியது தெரியாதபடி செய்து தர முடியுமா? சனிக்கிழமைக்குள் வேண்டும்."

பையைப் பிரித்ததும் விறகுப் புகை வாசம் அடித்தது. காஷ்மீர் வில்லோ மரத்தில் செய்த கிரிக்கெட் மட்டை. அடிமுனை நடுவிரல் நீளத்துக்கு மேல்நோக்கிப் பிளந்திருந்தது. பிளவு முழுவதும் சுப்பர் குளூ ஊற்றி, மேலே மூன்று சுற்று டேப் ஒட்டியிருந்தான். காயட்டும் என்று இரண்டு இரவு அடுப்பின் மேல் பரணில் வைத்திருக்கிறான். டேப்பை உரித்தேன். பிளவின் இருபுறமும் மாவு தூவியது போல வெள்ளை படிந்திருந்தது. மட்டையின் பின்புறத்தில் நீல மைப் பேனாவால் இரண்டு எழுத்துகள். அவை அவனுடைய பெயரின் எழுத்துகள் அல்ல.

"யாருடைய மட்டை?"

"கூட்டாளியுடையது."

"அவனுக்குத் தெரியுமா?"

பதில் வரவில்லை. அதுவே பதில்.

இந்த மாதத்தில் மட்டும் இப்படி வந்த நான்காவது மட்டை இது. பொகவந்தலாவையிலிருந்து ஒன்று, மஸ்கெலியாவிலிருந்து ஒன்று, தலவாக்கலையிலிருந்து ஒன்று, இப்போது இது. நான்கும் இரவல் வாங்கியவை. நான்கிலும் சுப்பர் குளூ. நான்கு பேரும் கேட்டது ஒன்றே: "தெரியாமல் செய்து தாருங்கள்." அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். என் அப்பா தேயிலைத் தோட்டத்தில் தச்சுவேலை செய்தவர். அவரிடம் மரத்தைக் கற்று, பத்தொன்பது வருடமாக மட்டை திருத்தி வருகிறேன். பந்து பட்டு உடைந்த மட்டைகளில் பெரும்பாலானவற்றை என்னால் மீட்க முடிந்திருக்கிறது. மீட்க முடியாமல் போனவற்றில் பாதிக்கு மேல், உடைந்த பிறகு மறைக்கப்பட்டவை.

முதலில் அந்தப் பசையைப் பற்றிப் பேசிவிடுகிறேன். "சுப்பர் குளூ இரும்பையே ஒட்டும், மரத்தை ஒட்டாதா?" என்று எல்லாத் தம்பிமாரும் கேட்கிறார்கள். ஒட்டும். நாற்காலியின் கால் உடைந்தால் ஒட்டுங்கள், நான் தடுக்கவில்லை. மட்டை அடி வாங்கும் பொருள். கடினப்பந்தின் எடை ஏறத்தாழ 156 முதல் 163 கிராம். அது வந்து மோதும்போது மரம் சற்று அமுங்கி மீள வேண்டும். சுப்பர் குளூ காய்ந்தால் கண்ணாடி போல விறைத்துவிடும், அமுங்காது. இழுத்துப் பார்த்தால் உறுதியாக இருக்கும்; இரண்டு அடி விழுந்தால் படீரென்று விட்டுவிடும். விடும்போது பசை மட்டும் பிரிவதில்லை, பக்கத்து மர நாரையும் பிய்த்துக்கொண்டு வரும். ஒற்றைப் பிளவு இப்படித்தான் மூன்று பிளவாகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை யாரும் யோசிப்பதே இல்லை. அந்தப் பசை தண்ணீர் போல மெல்லியது. வில்லோ மரத்தின் நுண்துளைகளுக்குள் ஓடிப்போய் அடைத்துக்கொள்ளும். பிறகு நான் தச்சர்களின் வெள்ளைப் பசையை உள்ளே செலுத்தினாலும் மரம் அதைக் குடிக்காது. குடிக்காத மரத்தில் எந்தப் பசையும் நிற்காது. ஆகவே பசை ஊறிய மரத்தை முழுவதுமாக வெட்டி எடுத்துவிட்டு, வேறு வில்லோத் துண்டைச் சீவிப் பொருத்த வேண்டியிருக்கிறது. சுத்தமான பிளவு என்றால் இத்தனை பாடு இல்லை. ஊசியால் பசை ஏற்றி, கிளாம்ப் போட்டு ஒரு நாள் இறுக்கி வைத்து, மேலே நூல் சுற்றினால் முடிந்தது. செவ்வாய்க்கிழமை வந்த தம்பி உடைந்த அன்றே கொண்டுவந்திருந்தால் 1000 ரூபாயோடு போயிருப்பான். இப்போது 4500 கேட்கிறேன். அதிலும் பழைய அடி வரும் என்று என்னால் உறுதி சொல்ல முடியவில்லை.

"தெரியாது" என்ற நம்பிக்கைக்கும் ஆதாரம் கிடையாது. காற்றில் ஈரம் கூடிய இடத்தில் சுப்பர் குளூ காயும்போது சுற்றிலும் வெள்ளையாகப் பூத்துவிடும். நம் ஊர்க் காற்றில் ஈரம் இல்லாத நாள் எது? மேயில் தென்மேல் பருவமழை பிடித்தால் செப்டெம்பர் வரை சுவர்கூடக் காய்வதில்லை. பத்தடி தள்ளி நின்று பார்த்தாலே ஒட்டிய இடம் எனக்குத் தெரிகிறது. தினமும் அந்த மட்டையைத் துடைத்து வைக்கும் சொந்தக்காரனுக்குத் தெரியாமல் போகுமா?

அடுப்பின் மேல் வைப்பதும் பெரிய கேடு. மட்டை மரத்துக்குள் நூற்றுக்குப் பத்து, பன்னிரண்டு பங்கு ஈரம் இருக்க வேண்டும். அதைச் சுட்டு உலர்த்தினால் மரம் நொறுங்கும் தன்மைக்குப் போய்விடும். நனைந்த மட்டையைத் துணியால் துடைத்து, வீட்டுக்குள் காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். அடுப்பும் வேண்டாம், வெயிலும் வேண்டாம்.

எண்ணெய் விஷயத்தில் ஒரு வார்த்தை. தேங்காய் எண்ணெய் பூசாதீர்கள், அது காயவே காயாது. காய்ச்சாத ஆளிவிதை எண்ணெயை மெல்லியதாக, அடிக்கும் முகத்திலும் விளிம்புகளிலும் அடிமுனையிலும் மட்டும் தடவுங்கள். பிடி மட்டைக்குள் ஆப்பாக இறங்கும் இடத்தில் எண்ணெய் படக்கூடாது. பொருத்துப் பசை விட்டுப்போகும்.

சரி, அந்தத் தம்பியின் கதைக்கு வருகிறேன். மட்டை எப்படி உடைந்தது? தோட்டத்து மைதானத்தில் சீமெந்துத் தளத்தில் ஆடியிருக்கிறார்கள். பந்துக்குக் காத்திருக்கும்போது மட்டையின் அடிமுனையைத் தரையில் தட்டிக்கொண்டே இருப்பது எல்லோருக்கும் பழக்கம். ஈரத் தரையில் தட்டினால் முனை தண்ணீரைக் குடித்து ஊதும். சீமெந்தில் தட்டினால் நார் நாராக விடும். அப்படி ஏற்கெனவே தளர்ந்த முனையில் காலடிக்கு வரும் யோர்க்கர் பந்து ஒன்று விழுந்திருக்கிறது. அவன் செய்த தவறு என்று இதில் எதைச் சொல்வது? மட்டை ஆட்டத்தில் உடைந்தது. உடைவதற்கென்றே இருக்கிற இடத்தில் உடைந்தது. அந்த நிமிடமே "மச்சான், இங்கே பார்" என்று காட்டியிருந்தால் இருவரும் சேர்ந்தே என்னிடம் வந்திருப்பார்கள். அவனை நடுங்க வைத்தது உடைவு இல்லை, மூன்று நாள் மௌனம்.

அந்த நடுக்கத்தின் காரணம் எனக்குப் புரியாமல் இல்லை. அந்த மட்டை, கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்யும் கூட்டாளியின் அண்ணன் தீபாவளிக்கு வாங்கி அனுப்பியது. விலை 18,000 ரூபாயாம். 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாயானது. அந்தக் கணக்கில் பார்த்தால், இவனுடைய அம்மா பதின்மூன்று நாள் முழுப்பேர் (முழுநாள் வேலை) போட்டாலும் அந்த மட்டைக்குக் காசு போதாது. டொலர் விலை ஏறிய 2022க்குப் பிறகு, இறக்குமதியாகும் மட்டை எதையும் நம் பிள்ளைகள் எட்டித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. ஒரு லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) ஒரு நல்ல மட்டை இருந்தால் பத்துப் பேர் அதில்தான் ஆடுகிறார்கள். இரவல் இல்லாமல் மலையகத்தில் கிரிக்கெட் இல்லை. ஒருவன் மறைத்தான் என்று தெரிந்தால், அடுத்த நாளிலிருந்து அந்த மட்டை வீட்டை விட்டு வெளியே வராது. மீதி ஒன்பது பேருடைய ஆட்டமும் அதோடு நின்றுபோகும்.

எப்படிச் சொல்வது என்று கேட்டான். நான் சொன்னது இதுதான். மட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு நேரே அவன் வீட்டுக்குப் போ. அவனுடைய அம்மாவிடம் பையைக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடாதே. தங்கையிடம் சொல்லி அனுப்பாதே. கைபேசியில் படம் அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்காதே. "உன் மட்டை என் கையில் உடைந்துவிட்டது. ஒட்டப் பார்த்துக் கெடுத்தும்விட்டேன். திருத்தச் செலவு என்னுடையது, இரண்டு தவணையில் தருகிறேன்." இதற்கு மேல் ஒரு சொல்லும் வேண்டாம். "ஏற்கெனவே விரிசல் இருந்தது" என்று தொடங்காதே, அது உண்மையாகவே இருந்தாலும். அதை மட்டையைப் பார்த்து நான் சொல்கிறேன். அது என் வேலை.

இரவல் கொடுப்பவர்களிடமும் எனக்கு வருத்தம் உண்டு. மென்பந்துக்கென்று வாங்கிய மட்டையைக் கடினப்பந்து ஆட்டத்துக்குக் கொடுத்துவிட்டு, உடைந்ததும் கூச்சல் போடுவது நியாயமில்லை. டென்னிஸ் பந்து 60 கிராம்கூட இல்லை. கடினப்பந்து அதைப் போல இரண்டரை மடங்குக்கு மேல். புதிய மட்டையும் அப்படித்தான். மரச்சுத்தியலால் பல மணி நேரம் மெதுவாகத் தட்டிப் பதப்படுத்தாத மட்டை முதல் யோர்க்கருக்கே வாயைப் பிளக்கும். கொடுக்கும்போது மூன்று விஷயம் சொல்லிக் கொடுங்கள்: எந்தப் பந்துக்கு ஆடலாம், எங்கே ஏற்கெனவே கீறல் இருக்கிறது, எப்போது திரும்ப வேண்டும். விளிம்பில் மயிரிழை போல வரும் கீறல்கள் பழகிய மட்டைக்கு இயல்பு. அவற்றைக் காட்டி யாரிடமும் காசு கேட்காதீர்கள். பிடி ஆடினால், அடிமுனை விரிந்தால், முகத்தில் மரம் செதிலாக எழுந்தால், அது திருத்தத்துக்கு வர வேண்டிய மட்டை.

டேப்பை அடுக்கடுக்காகச் சுற்றி மறைக்கிறவர்களுக்கு: கிரிக்கெட் விதிப்படி மட்டையின் மேல் ஒட்டும் பாதுகாப்பு உறை 1 மில்லிமீற்றருக்கு மேல் தடிக்கக்கூடாது. போட்டி நாளில் நடுவர் கேட்டால் சொந்தக்காரன்தான் தலைகுனிய வேண்டும்.

தலைக்கவசத்தைப் பற்றி நான் கோபமாகத்தான் பேசுவேன். மட்டையை மறைத்தால் மரம் போகும். தலைக்கவசத்தை மறைத்தால் பிள்ளையின் முகம் போகும். பாடசாலைப் பையில் இருக்கும் ஒரே தலைக்கவசத்தை ஐந்து பேர் மாறி மாறி அணிகிறார்கள். ஒருவன் பலமாக அடி வாங்குகிறான், அல்லது படிக்கட்டில் உருட்டிவிடுகிறான். வெளியில் ஒன்றும் தெரியாது. ஓடு உள்ளே கீறியிருக்கலாம், முகத்துக்கு முன்னால் இருக்கும் கம்பி வளைந்து பந்து நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டிருக்கலாம். பலத்த அடி வாங்கிய தலைக்கவசத்தை மாற்ற வேண்டும் என்றுதான் அதைத் தயாரிப்பவர்களே சொல்கிறார்கள். சென்ற வருடம் வளைந்த கம்பியைச் சுத்தியலால் நிமிர்த்தித் தரச் சொல்லி ஒரு பையன் கொண்டுவந்தான். செய்ய மாட்டேன் என்று திருப்பி அனுப்பினேன். பிறகு அவனாகவே நிமிர்த்தியிருப்பானோ என்று பயந்து, மறுநாள் காலை அவனுடைய பொறுப்பாசிரியரைத் தேடிப் போய்ச் சொன்னேன். காட்டிக்கொடுத்துவிட்டேன் என்று அந்தப் பிள்ளை என்மீது இன்றும் கோபமாக இருக்கிறான். இருக்கட்டும். தலைக்கவசத்தை நான் ஒட்ட மாட்டேன், நிமிர்த்த மாட்டேன், யார் கேட்டாலும்.

அப்பா, அம்மாமாருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை வந்து "உடைத்துவிட்டேன்" என்று சொல்லும்போது முதலில் கையை ஓங்காதீர்கள். உங்கள் அரைமாதச் சம்பளம் போகிறது, வயிறு எரியும், எனக்குத் தெரியும். என்னிடம் ரகசியமாக வருகிற பிள்ளைகளிடம் "ஏன் சொல்லவில்லை" என்று கேட்டால், கூட்டாளிக்குப் பயந்தேன் என்பவர்கள் குறைவு. "அப்பா அடிப்பார்" என்பதுதான் அதிகம். இன்று மட்டையை மறைக்கப் பழகும் பிள்ளை நாளை கையில் விழுந்த அடியையும் மறைக்கும். வீங்கிய விரலுக்கு டேப் சுற்றிக்கொண்டு ஆடிய பிள்ளைகளையும் நான் பார்த்திருக்கிறேன். திட்ட வேண்டுமென்றால் மறுநாள் திட்டுங்கள். சொன்ன அன்று மட்டையை வாங்கிப் பாருங்கள், என்ன நடந்தது என்று கேளுங்கள்.

பயிற்றுவிப்பாளர்களே, ஒவ்வொரு பயிற்சியும் முடிந்ததும் பையைக் கட்டுவதற்கு முன் எல்லா மட்டைகளையும் ஒரு முறை கையால் தடவிப் பாருங்கள். ஐந்து நிமிடம் போதும். எல்லோர் முன்னிலையிலும் பார்த்தால் யாரும் எதையும் ஒளிக்க வேண்டியிருக்காது.

நானும் ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். இனி மட்டை வந்தால் "யாருடையது" என்பதுதான் முதல் கேள்வி. இரவல் மட்டை என்றால், சொந்தக்காரனுக்குத் தெரிந்த பிறகுதான் கிளாம்ப் போடுவேன். ரகசியத் திருத்தத்துக்கு நான் இதுவரை வாங்கிய காசு எத்தனை நட்பைக் கெடுத்திருக்கிறதோ, நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

செவ்வாய்க்கிழமை வந்த தம்பி நேற்று மறுபடி வந்தான். சொல்லிவிட்டானாம். கூட்டாளி அன்று முழுவதும் பேசவில்லையாம். மாலையில் அவனே கூப்பிட்டு, "அண்ணன் தீபாவளிக்கு வருவதற்குள் சரியாகிவிடுமா?" என்று மட்டும் கேட்டானாம். பசை ஊறிய முனையை வெட்டியாயிற்று. பழைய மட்டையொன்றிலிருந்து எடுத்த வில்லோத் துண்டு பொருத்தி இப்போது கிளாம்பில் இருக்கிறது. நூல் சுற்ற இன்னும் இரண்டு நாளாகும். வெள்ளிக்கிழமை இருவரும் சேர்ந்து வந்தால்தான் தருவேன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.