போன்சாய் தொட்டியில் உடைகல்லுக்கு என்ன வேலை?

பாத்திரம் துலக்கும் ஸ்பாஞ்சைத் தண்ணீரில் முக்கியெடுத்து, படுக்கைவாட்டில் உள்ளங்கையில் ஏந்திப் பாருங்கள். கொஞ்ச நேரம் சொட்டும், பிறகு நின்றுவிடும். அதையே செங்குத்தாக நிமிர்த்தினால் தண்ணீர் மறுபடி ஒழுகும். தொட்டியில் குட்டையாக வளர்க்கும் போன்சாய் மரத்துக்கான மண்ணின் சிக்கல் முழுவதும் இந்தச் சோதனைக்குள் இருக்கிறது.

மண்ணின் நுண்துளைகள் தண்ணீரைப் பிடித்துவைக்கின்றன. 1 மி.மீ. விட்டமுள்ள கண்ணாடிக் குழாயில் தண்ணீர் தானாகவே சுமார் 3 செ.மீ. ஏறும், 0.1 மி.மீ. குழாயில் சுமார் 30 செ.மீ. துளை சிறுக்கச் சிறுக்கப் பிடி இறுகுகிறது. அதனால் எந்தத் தொட்டியிலும் அடியில் ஓர் ஈர அடுக்கு வடியாமல் நிற்கும். அதன் உயரம் துளையின் அளவைப் பொறுத்தது. தொட்டி எவ்வளவு ஆழம் என்பது அதற்குப் பொருட்டல்ல. படுக்கைவாட்டில் ஏந்திய ஸ்பாஞ்சைப் போல, 5 செ.மீ. ஆழமே உள்ள போன்சாய் தொட்டியில் தோட்டத்து மண்ணை நிரப்பினால், நீரூற்றியதும் மேலிருந்து கீழ்வரை சேறுதான். வேருக்கும் மூச்சு வேண்டும். ஆக்சிஜனோ காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் சுமார் 10,000 மடங்கு மெதுவாகப் பரவுகிறது. அழுகுவதற்கு முன்பே வேர் திணறத் தொடங்கிவிடுகிறது.

2 முதல் 6 மி.மீ. வரையான உடைகல் இங்கேதான் கைகொடுக்கிறது. கற்களின் இடைவெளி பெரிது. ஊற்றிய நீர் இறங்கிவிடும், அதன் பின்னாலேயே காற்று உள்ளே நுழையும். கல்லின் மேல் படலமாக ஒட்டிய ஈரத்தை வேர் உறிஞ்சிக்கொள்ளும்.

ஆனால் தூளோடு கொட்டினால் அத்தனையும் வீண். சலித்த கல்லையும் ஒரு வாளித் தண்ணீரில் அலசிப் பாருங்கள்: பால்போலக் கலங்கும். அந்த மாவுதான் இடைவெளிகளில் படிந்து, பெரிய துளையை மறுபடி சிறிதாக்குகிறது. தொட்டியின் அடியில் மட்டும் ஜல்லி பரப்பும் பழக்கத்தையும் விட்டுவிடலாம். மேலுள்ள மண்ணின் சிறுதுளை தண்ணீரை எளிதில் கீழே விடாது. ஈர அடுக்கு ஜல்லிக்கு மேலே ஏறி உட்கார்ந்துகொள்ளும். கல்லை மண் முழுவதும் கலப்பதே சரி.

கருங்கல்லுக்குள் நீர் புகாது. எரிமலைக் கல்லும் நுரைக்கல்லும் தம் துளைகளில் ஈரத்தைச் சேமிக்கும். வறண்ட வெயிலில் மரம் வளர்ப்பவர்கள் இவற்றைக் கலந்துகொள்வதே நல்லது. கருங்கல் சத்தையும் தேக்காது என்பதால், உரத்தை நீர்க்கக் கரைத்து அடிக்கடி கொடுக்க வேண்டும்.

சுண்ணாம்புக்கல் மட்டும் வேண்டாம். அது மண்ணின் காரத்தன்மையை உயர்த்தும். இரும்புச்சத்து வேருக்கு எட்டாமல் போகும். நரம்பு பச்சையாக இருக்க, இளந்தளிர் மஞ்சளாகும். கல்லின் மேல் ஒரு சொட்டு வினிகர் விடுங்கள். நுரைத்தால் அந்தக் கல்லை ஒதுக்கிவிடுங்கள்.