கார்புரேட்டரைக் கழற்றுவதற்கு முன்: பழைய புல்லட் வைத்திருப்பவர்களுக்கு

சில மாதங்களுக்கு முன் ஒரு வாடிக்கையாளர் தம்முடைய காஸ்ட் அயர்ன் (வார்ப்பிரும்பு) இன்ஜின் புல்லட் 350ஐக் கொண்டுவந்து நிறுத்தினார். காலையில் இரண்டாவது உதையிலேயே கிளம்பும் வண்டி இருபது நிமிடம் ஓடியதும் திணறி நின்றுவிடுகிறது, கால் மணி நேரம் நிழலில் விட்டால் ஒன்றும் நடவாததுபோல மறுபடியும் கிளம்புகிறது என்பது அவருடைய புகார். வேறு இடங்களில் மூன்று முறை, பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவியிருந்தார்கள். கடைசியில் புதிதாக ஒன்றே மாட்டப்பட்டிருந்தது. அவரோடு வண்டியில் போய், அது நின்ற இடத்திலேயே ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். முனை பெட்ரோலில் நனைந்திருந்தது. பெட்ரோல் வந்து சேர்ந்திருக்கிறது, அதை எரிக்கத் தீப்பொறிதான் இல்லை என்பதற்கு அந்த ஈரமே சாட்சி. தீப்பொறிக்குத் துணைசெய்யும் கன்டென்சர் என்ற மின் பாகம் சூடேறியதும் செயலிழந்துகொண்டிருந்தது. விலை மலிவான அந்தச் சிறு பொருளை மாற்றியதும் வண்டி நிற்காமல் ஓடியது.

கார்புரேட்டர் கோளாறு என்று என் பட்டறைக்கு வரும் பழைய புல்லட்டுகளில் பெரும்பாலானவற்றில் கோளாறு வேறிடத்தில்தான் இருக்கிறது. ஆகவே கார்புரேட்டரைக் கடைசியில் தொடுவது என்பதை வழக்கமாக வைத்திருக்கிறேன். முதலில் பாயிண்ட், அதாவது தீப்பொறிக்கான மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் தொடுமுனைகளின் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் இருக்கிறதா, முனைகள் கருகியிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். அடுத்தது டேப்பட் இடைவெளி. இன்ஜின் ஆறியிருக்கும்போது, வால்வைத் திறக்க உதவும் புஷ்ராடு என்ற கம்பி விரலால் தடையின்றிச் சுழல வேண்டும், ஆனால் மேலும் கீழும் ஆடக் கூடாது. டேப்பட் இறுக்கமாக இருந்தால் சூட்டில் வால்வு முழுமையாக மூடாது. அப்போது ஐடிலிங் (ஆக்ஸிலேட்டரைத் திருகாதபோது இருக்கும் மெதுவான ஓட்டம்) தடுமாறுவதை, அந்த ஓட்டத்துக்குப் பெட்ரோல் விடும் ஸ்லோ ஜெட் என்ற நுண்துளையின் அடைப்பு என்று எண்ணி ஏமாறுவது மிக எளிது. நின்றுபோன வண்டியின் பிளக் காய்ந்திருந்தால் பெட்ரோல் டேங்கின் மூடியைத் திறந்து பாருங்கள். உஸ்ஸென்று காற்று உள்ளே இழுக்கப்பட்டு, பிறகு வண்டி கிளம்பினால் மூடியின் காற்றுத் துளைதான் அடைத்திருக்கிறது.

இவையெல்லாம் சரியாக இருந்தும் தொல்லை தொடர்ந்தால்தான் கார்புரேட்டரின் முறை வருகிறது. 1956இல் தொடங்கித் திருவொற்றியூரில் உருவான புல்லட்டுகளில், பிற்காலத்து 350 வண்டிகள் பலவற்றில் இருப்பது மிக்கார்ப் வி.எம். 24 என்ற கார்புரேட்டர். இதில் ஒவ்வொரு த்ராட்டில் (ஆக்ஸிலேட்டர்) நிலைக்கும் பொறுப்பான பாகம் வேறு. ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு திறப்பு வரை ஸ்லோ ஜெட்டும் காற்றைச் சரிசெய்யும் திருகான ஏர் ஸ்க்ரூவும், அங்கிருந்து கால் பங்கு வரை த்ராட்டிலோடு ஏறி இறங்கும் ஸ்லைடின் வெட்டும், கால் முதல் முக்கால் வரை அந்த ஸ்லைடில் தொங்கும் ஊசியான நீடிலும், அதற்கு மேல் முதன்மைத் துளையான மெயின் ஜெட்டும் கலவையைத் தீர்மானிக்கின்றன. ஹேண்டில் பிடியில் ஒரு துண்டு டேப்பை ஒட்டி, கால், அரை, முக்கால் என்று பேனாவால் கோடு போட்டுக்கொண்டு ஓட்டிப் பாருங்கள். எந்தக் கோட்டில் திணறுகிறது என்று தெரிந்துவிட்டால் எந்தப் பாகத்தைப் பார்க்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். எல்லா ஜெட்டுகளையும் ஒரே நாளில் மாற்றிவிட்டு எதனால் சரியானது என்று தெரியாமல் விழிப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பெட்ரோல் குறைந்து காற்று மிகுந்த கலவையை லீன் என்றும், அதற்கு நேர்மாறானதை ரிச் என்றும் சொல்கிறோம். திணறும் நிலையில் சோக்கைச் சிறிது இழுத்துப் பாருங்கள். ஓட்டம் தெளிந்தால் கலவை லீன், மேலும் மோசமானால் ரிச். இந்தக் கார்புரேட்டரில் சோக் என்பது காற்றை மறிக்கும் தகடு அன்று, கூடுதல் பெட்ரோலைத் திறந்துவிடும் சிறிய பிளஞ்சர். அதன் அடியிலுள்ள ரப்பர் கெட்டிப்பட்டுவிட்டால் சோக்கை மூடிய பிறகும் பெட்ரோல் கசிந்து, பிளக் கரிபிடித்து, மைலேஜ் குறையும்.

லீன் கலவையைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இந்த இன்ஜினுக்கு ரேடியேட்டர் இல்லை. சூட்டை வெளியேற்ற ஃபின்களும் (சிலிண்டரைச் சுற்றியுள்ள உலோக மடிப்புகள்) எதிர்க்காற்றும் ஆயிலும்தான் இருக்கின்றன, உள்ளே வரும் பெட்ரோல் ஆவியாகும்போது உறிஞ்சிக்கொள்ளும் வெப்பமும் ஒரு குளிர்ச்சிதான். அந்தப் பெட்ரோல் குறையும்போது சூடு ஏறி, பிஸ்டன் விரிந்து, சிலிண்டரோடு உரசிப் பிடித்துக்கொள்கிறது. ரிச்சாக ஓடும் வண்டி புகைவிட்டுத் தன் குறையைக் காட்டிவிடும். லீன் வண்டியோ சில நாள் லேசாகவும் சுறுசுறுப்பாகவும் ஓடுவதுபோலத் தோன்றும், அதனால் யாரும் கவனிப்பதில்லை.

லீன் ஆவதற்கு நான் அதிகம் காணும் காரணம் ஜெட் அடைப்பு அன்று, இணைப்புகளின் வழியே வெளிக்காற்று நுழையும் ஏர் லீக். ஐடிலிங் தானாக ஏறுவதும் இறங்குவதும், த்ராட்டிலை மூடிய பிறகும் இன்ஜின் வேகம் உடனே இறங்காததும், சைலன்சரில் பட்பட்டென்று வெடிப்பதும் அதன் அடையாளங்கள். கார்புரேட்டர் இன்ஜின் ஹெட்டோடு சேரும் இணைப்பில் ஆயில் கேனால் இரண்டு சொட்டு இன்ஜின் ஆயில் விட்டால், லீக் இருக்கும் இடத்தில் அது உள்ளே இழுக்கப்பட்டுச் சத்தம் மாறும். இதே சோதனையைப் பெட்ரோல் தெளித்துச் செய்பவர்கள் இருக்கிறார்கள். சூடான இன்ஜின் மீது அது தீயோடு விளையாடுவதற்குச் சமம், தயவுசெய்து செய்யாதீர்கள். கசிவை நிறுத்தலாம் என்று நட்டுகளை மேலும் மேலும் முறுக்குவதால், ஹெட்டோடு பொருந்தும் தட்டையான விளிம்பான ஃப்ளாஞ்ச் வளைந்து, லீக் பெரிதாகிறது. கழற்றிய கார்புரேட்டரின் ஃப்ளாஞ்சைத் தடித்த கண்ணாடிமேல் வைத்து அழுத்திப் பாருங்கள். லேசாக ஆடினால் வளைந்திருக்கிறது என்று பொருள். கண்ணாடிமேல் மெல்லிய எமரித் தாளை விரித்து, பொறுமையாகத் தேய்த்துச் சமப்படுத்தி, ஓ-ரிங் என்ற ரப்பர் வளையத்தைப் புதிதாகப் போட்டால் போதும்.

இரண்டாவது காரணம் இன்றைய பெட்ரோல். கலப்பில்லாத பெட்ரோல் ஒரு பங்கு முழுமையாக எரிய, எடையில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். 20 சதவீதம் எத்தனால் கலந்ததற்கு 13.5 பங்கை ஒட்டிய காற்றே போதும். பழைய அளவு ஜெட்டுகள் அதே அளவு எரிபொருளையே விடுவதால் கலவை தானாகவே லீன் ஆகிறது. நீடிலைப் பிடித்திருக்கும் கிளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்கினால் நீடில் மேலெழுந்து நடு நிலைகளில் கலவை ஓரளவு செழிக்கும். எத்தனால் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும் என்பதால், மாதக்கணக்கில் நிறுத்தப்போகும் வண்டியின் கார்புரேட்டருக்கு அடியில் பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் கிண்ணத்தைக் காலி செய்துவிடுங்கள். வடித்த பெட்ரோலைக் கண்ணாடிக் குப்பியில் பிடித்துப் பார்த்தால், தண்ணீர் இருக்குமானால் அடியில் மணிமணியாக உருளும்.

ஜெட்டைச் சுத்தம் செய்ய ஊசியோ இரும்புக் கம்பியோ வேண்டாம். பித்தளைத் துளை ஒருமுறை பெரிதானால் பெரிதானதுதான். கிளீனர் தெளித்துக் காற்றடித்தால் போதும். ஏர் ஸ்க்ரூவை முழுக்க உள்ளே மெதுவாக முடுக்கி, ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்து, அங்கிருந்து ஐடிலிங்கைச் சரிசெய்யத் தொடங்கலாம். உள்ளே முடுக்க முடுக்கக் கலவை ரிச் ஆகும்.

மைலேஜுக்காக மெயின் ஜெட்டைச் சிறிதாக்கித் தரச் சொல்லிக் கேட்பவர்களுக்கு நான் மறுத்துவிடுகிறேன். பதிலாகப் பிரேக் உரசுகிறதா, டயரில் காற்று சரியா, ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறதா என்று பார்த்துத் தருகிறேன். என் பட்டறை அலமாரியில் ஒரு பிஸ்டன் இருக்கிறது. அதன் பக்கங்களில் மேலிருந்து கீழாக நகத்தால் பிறாண்டியதுபோல ஆழமான கோடுகள். பைபாஸில் முழு த்ராட்டிலில் போகும்போது பிடித்துக்கொண்ட வண்டி அது. மெயின் ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தபோது, துளைக்குள் வயரிலிருந்து உருவிய செம்பு இழை ஒன்று செருகியிருந்தது. லிட்டருக்கு மூன்று கிலோமீட்டர் கூடுதலாகக் கிடைத்ததாக அதன் உரிமையாளர் சொன்னார். சிலிண்டரை போரிங் செய்து (கடைந்து அகலமாக்கி) அதற்கேற்ற பெரிய அளவிலான ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டுத்தான் அந்த வண்டியை மறுபடியும் ஓட வைக்க முடிந்தது.