கல்லூரியில் ஓடும் பிள்ளையும் மூன்று வருடக் கணக்கும்

கல்லூரி திறந்ததும், உடற்கல்வி ஆசிரியரான என் அறைக்கு இரண்டு வகை ஆட்கள் வருவார்கள். ஒன்று, ப்ளஸ் டூ முடித்த பிள்ளையைக் கையோடு கூட்டிக்கொண்டு, மாவட்டப் போட்டி சான்றிதழ்களை பிளாஸ்டிக் கவரில் அடுக்கிக்கொண்டு வரும் பெற்றோர். "சார், நல்லா ஓடும் சார், ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல ஒரு சீட்டு பாத்துக் குடுங்க." இன்னொன்று, பி.பி.எட். என்கிற உடற்கல்விப் படிப்பை முடிக்கப்போகிற பையன்கள். "மாஸ்டர், அத்லெடிக்ஸ் கோச் ஆகணும், என்ன பண்ணணும்?" இரண்டு பேருக்கும் நான் சொல்வது கிட்டத்தட்ட ஒன்றுதான்: நெடுந்தூர ஓட்டக்காரரின் நல்ல காலம் கல்லூரி முடிந்த பிறகுதான் வருகிறது. கல்லூரியோ மூன்றே வருடத்தில் எல்லாவற்றையும் கேட்கிறது. இந்த இழுபறிக்கு நடுவில் நின்று பிள்ளையைக் காப்பாற்றுவதுதான் எங்கள் வேலையில் பாதி.

காரைக்குடிக்குப் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. புதுக்கோட்டைக்காரர் கோவிந்தன் லட்சுமணன் 2017இல் புவனேஸ்வரில் நடந்த ஆசிய தடகளப் போட்டியில் 5000, 10000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வாங்கினார். அப்போது அவருக்கு வயது 27. மகாராஷ்டிராவின் அவினாஷ் சாப்ளே ராணுவத்தில் சேர்ந்து, அங்கே மேடு பள்ளத்தில் ஓடுகிற கிராஸ் கண்ட்ரி ஓடி, அப்புறம் தடையும் தண்ணீர்க் குழியும் தாண்டி ஓடுகிற ஸ்டீபிள்சேஸுக்கு வந்தவர். 2022 பர்மிங்காம் காமன்வெல்த்தில் 8 நிமிடம் 11.20 வினாடியில் ஓடி வெள்ளி வாங்கியபோது அவருக்கும் 27. பாருல் சவுத்ரி 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் 5000இல் தங்கம் வாங்கும்போது 28. இருபது வயதில் இவர்களை யாராவது கசக்கிப் பிழிந்திருந்தால் இந்தப் பெயர்கள் நமக்குத் தெரிந்தே இருக்காது.

யார் பிழிவார்கள் என்று கேட்கலாம். எல்லோரும்தான். இன்டர் காலேஜ் மீட்டில் இடத்துக்கு ஏற்றபடி புள்ளி, புள்ளிகளைக் கூட்டினால் ஓவரால் ஷீல்டு, ஷீல்டு வந்தால் நிர்வாகத்துக்கு ஒரு ஃபோட்டோ, மறுநாள் உள்ளூர்ச் செய்தி. ஆகவே நன்றாக ஓடுகிற ஒரு பெண் கிடைத்துவிட்டால், விதி அனுமதிக்கிற அளவுக்கு எல்லாவற்றிலும் அவள் பெயரை எழுதிவிடுவார்கள்: காலையில் 5000, மாலையில் 1500, அடுத்த நாள் 10000, கடைசியில் ஆள் குறைகிறதென்று 4×400 ரிலே. அது முடிந்து வரும் ஞாயிற்றுக்கிழமை எங்கேயோ திருவிழாவை ஒட்டி ரொக்கப் பரிசோடு ரோடு ரேஸ் இருக்கும், அதற்கு மாமாவே பைக்கில் கூட்டிப் போய்விடுவார். காசு தேவைப்படுகிற வீடு, குறை சொல்ல எனக்கு மனசு வராது. ஆனால் அந்தப் பெண்ணின் காலுக்கு அந்த நியாயமெல்லாம் தெரியாது.

காலைப் பற்றியே முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என்னிடம் வருகிற புகார்களில் பாதி முழங்காலுக்குக் கீழேதான். எங்கள் ஊர் மண் செம்மண், மழை பெய்யாத மாதங்களில் சரளையும் கெட்டித் தரையுமாகக் கிடக்கும். புதிதாகச் சேர்ந்த பையன் ஆர்வத்தில் தூரத்தைத் திடீரென்று கூட்டுவான், இரண்டு மூன்று வாரத்தில் கீழ்க்காலின் உள்பக்கம் வலிக்கிறது என்பான். அவனைக் கண்மாய்க் கரையில் உட்காரவைத்து, "ஒரே விரலால வலிக்கிற இடத்தைக் காட்டு தம்பி" என்பேன். உள்ளங்கையை வைத்து மேலிருந்து கீழாக ஒரு சாண் நீளத்துக்குத் தடவிக் காட்டினால் பெரும்பாலும் எலும்பைச் சுற்றிய சவ்வும் தசையும் பிடித்திருக்கிறது, சுமையைக் குறைத்தால் சரியாகும். ஒரே விரலை ஒரே புள்ளியில் வைத்து அழுத்தும்போது முகம் சுளித்தால், ஒற்றைக் காலில் குதிக்கச் சொன்னால் குதிக்க முடியாமல் நின்றால், ராத்திரி படுத்த பிறகும் விண்ணென்று தெறிக்கிறது என்றால், அன்றைக்கே ஓட்டம் நின்றுவிடும். எலும்பில் மயிரிழை விரிசலாக இருக்கலாம். இந்த விரிசல் முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் தெரியாமலே போகும். "எக்ஸ்ரே நார்மல் சார், ஓடலாம்னு சொல்லிட்டாங்க" என்று வருகிறவர்களிடம் இதை விளக்குவதற்குள் தொண்டை வறண்டுவிடும். எலும்பு மருத்துவரிடம் "ஓடுகிற பிள்ளை, விரிசல் இருக்குமோ என்று சந்தேகம்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள், தேவைப்பட்டால் அவரே எம்.ஆர்.ஐ. எழுதுவார்.

ஆரிகன் பல்கலைக்கழகத்தில் பில் பவர்மன் என்று ஒரு பயிற்சியாளர் இருந்தார். 1972 வரை அங்கேதான். தன்னிடம் ஓடிய ஃபில் நைட் என்ற மாணவரோடு சேர்ந்து நைக்கி நிறுவனத்தைத் தொடங்கியதால் பெயர் பிரபலம், ஆனால் எங்கள் தொழிலில் அவரை நினைப்பது வேறொன்றுக்காக: ஒரு நாள் கடினமாக ஓடினால் மறுநாள் இலகுவாக ஓடு. அவ்வளவுதான். கேட்க எளிது, நடைமுறையில் இதுபோலக் கஷ்டமான விஷயம் இல்லை. நம் பிள்ளைகளுக்கு மெதுவாக ஓடச் சொன்னால் அவமானம். பக்கத்தில் இருப்பவனோடு பேசிக்கொண்டே ஓடச் சொல்வேன். மூச்சு வாங்கிப் பேச்சு நின்றால் அது ஈஸி ரன் இல்லை.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் வெளிப்படையாகப் பேச வேண்டியிருக்கிறது. தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாவது சுற்றில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் இந்தியா முழுக்க 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை, தமிழ்நாட்டில் 53 சதவீதத்துக்கு மேல். ஹீமோகுளோபின் 12க்குக் கீழே போனால் பெண்களுக்கு ரத்தசோகை என்று கணக்கு. இதில் ஓடுகிற பெண்ணுக்கு மாதவிடாயில் போவது போக, வேர்வையில் கொஞ்சம், பாதம் தரையில் மோதும்போது சிவப்பணுக்கள் உடைவதில் கொஞ்சம் என்று இரும்புச்சத்து கழிந்துகொண்டே இருக்கும். போன மாதம் ஓடிய நேரத்தை இந்த மாதம் ஓட முடியாமல், நாலாவது ரவுண்டிலேயே கால் கல்லாகிவிடுகிறது என்று ஒரு பெண் சொன்னால் "சோம்பேறி ஆயிட்டா" என்று விசில் ஊதுகிற பயிற்சியாளர்கள் இன்னும் இருக்கிறார்கள். நான் முதலில் ரத்தப் பரிசோதனைக்கு அனுப்புவேன், ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டினும் சேர்த்து. ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் உடம்பில் இரும்புச்சத்தின் சேமிப்பு காலியாக இருக்கலாம், அதை ஃபெரிட்டின்தான் காட்டும். மாத்திரை மருத்துவர் சொன்னால் மட்டும். சாப்பாட்டில் முருங்கைக்கீரை, கம்பு, ஆட்டு ஈரல், கூட ஒரு எலுமிச்சை. சாப்பிட்ட கையோடு டீ குடிப்பதை நிறுத்தச் சொல்வேன், டீ இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. இதை அப்பத்தாவிடம் சொல்லிப் புரியவைப்பது தனிக் கலை.

அடுத்தது, மூன்று மாதமாக மாதவிடாய் வரவில்லை என்றால். "ஓடுற பிள்ளைக்கு அப்படித்தான் இருக்கும்" என்று வீட்டிலும் மைதானத்திலும் சொல்லிவிடுகிறார்கள். இல்லை. ஓடுகிற அளவுக்குச் சாப்பாடு இல்லை என்று உடம்பு கொடுக்கிற எச்சரிக்கையாக அது இருக்கலாம், அப்படியே விட்டால் எலும்பு தேயும், மேலே சொன்ன விரிசல் அடுத்து வந்து நிற்கும். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014லேயே இதற்கு ஒரு பெயர் வைத்து, ஆண்களுக்கும் இந்தச் சாப்பாட்டுப் பற்றாக்குறை வரும் என்று எழுதிவிட்டது. ஆண் பயிற்சியாளரிடம் பெண் பிள்ளைகள் இதைச் சொல்லமாட்டார்கள், சொல்லவேண்டும் என்று எதிர்பார்க்கவும் கூடாது. எங்கள் கல்லூரியில் ஒரு பேராசிரியை இருக்கிறார், அவரிடம் சொன்னால் போதும், எனக்கு "இந்த வாரம் இலகு" என்று ஒரு வரி மட்டும் வரும்.

இனி ஊசி. நம் ஊரில் சோர்வாக இருந்தால் ஒரு குளுக்கோஸ் ஏற்றிக்கொள்வது சர்வ சாதாரணம். போட்டிக்கு முந்தின நாள் ராத்திரி பிள்ளையை கிளினிக்குக்குக் கூட்டிப் போய் ஒரு பாட்டில் ஏற்றிவிட்டு, "தெம்பா ஓடுவான் சார்" என்று என்னிடமே பெருமையாகச் சொன்ன சித்தப்பாக்கள் உண்டு. ஊக்கமருந்து விதிப்படி 12 மணி நேரத்தில் 100 மில்லிக்கு மேல் நரம்பு வழியாக ஏற்றுவதே தடை செய்யப்பட்ட முறை. உள்ளே போவது வெறும் உப்புத் தண்ணீராக இருந்தாலும் சரி. முறையான மருத்துவமனைச் சிகிச்சைக்கு விலக்கு உண்டு, தெம்புக்கு ஏற்றுவதற்குக் கிடையாது. அதேபோல உடம்பு வலிக்கு, அலர்ஜிக்கு என்று போடுகிற ஊசியில் பல நேரம் ஸ்டீராய்டு கலந்திருக்கும். 2022 முதல் அந்த வகை ஸ்டீராய்டை (குளுக்கோகார்ட்டிகாய்டு என்பார்கள்) எந்த வழியில் ஊசியாகப் போட்டாலும் போட்டிக் காலத்தில் தடை. ஜிம்மில் டப்பாவில் விற்கிற பவுடரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், லேபிளில் எழுதாதது எல்லாம் உள்ளே இருக்கலாம். "எனக்குத் தெரியாது, மாமா வாங்கிக் கொடுத்தார்" என்பது அங்கே செல்லாது. உடம்பில் இருப்பதற்கு ஓடுகிறவரே பொறுப்பு, தசையை வளர்க்கிற அனபாலிக் ஸ்டீராய்டு என்றால் முதல் தடவையே நான்கு வருடம் வரை தடை வரும். நான்கு வருடம் என்றால் மொத்தக் கல்லூரிக் காலமும் போய் மேலே ஒரு வருடம். தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பான நாடாவின் 'நோ யுவர் மெடிசின்' செயலியில் மருந்துப் பெயரைப் போட்டால் தடை உண்டா இல்லையா என்று வந்துவிடும். ஓடுகிற பிள்ளைகள் எல்லோரின் ஃபோனிலும் அது இருக்கவேண்டும்.

வெயிலைப் பற்றி சிவகங்கை மாவட்டத்துக்காரர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை, ஒன்றைத் தவிர. ஓடிக்கொண்டிருக்கும் பையன் தடுமாறி, பேச்சு குழறி, சம்பந்தமில்லாமல் எரிந்து விழுந்தால் அது வெப்பத் தாக்கு, வேர்வை ஊற்றிக்கொண்டிருந்தாலும் வெப்பத் தாக்குதான். 108க்கு ஃபோன் போட்டுவிட்டு, வண்டி வரும்வரை காத்திருக்காமல் உடம்பை அங்கேயே குளிரவைக்க வேண்டும். ஐஸ் போட்ட தண்ணீர்த் தொட்டி இருந்தால் கழுத்து வரை இறக்கிவிடலாம், இல்லையென்றால் தண்ணீரை ஊற்றிக்கொண்டே விசிறலாம். மீட் நடக்கிற மைதானத்தில் சாமியானா, மைக் செட், சால்வை எல்லாம் இருக்கும், ஒரு ஐஸ் தொட்டி மட்டும் இருக்காது.

ட்ராக்கை விட எனக்கு கிராஸ் கண்ட்ரி பிடிக்கும் என்பதை மறைக்கவில்லை. இந்தச் சீமைக்கு அது பொருத்தமான விளையாட்டு. கண்மாய்க் கரை ஏறி இறங்கி, பொட்டல் கடந்து, மறுபடி செம்மண் பாதையில் வந்தால் காசில்லாமல் ஒரு கோர்ஸ் கிடைத்துவிடும், சீமைக் கருவேல முள்ளுக்கு மட்டும் பயப்படவேண்டும். ஆடிக் காற்று எதிரே அடிக்கும்போது ஓடிய பையனுக்குக் கார்த்திகையில் போட்டி இலகுவாக இருக்கும். இன்னொரு காரணமும் உண்டு. அமெரிக்கக் கல்லூரிகளில் ஒரு அணிக்கு ஏழு பேர் ஓட, முதலில் வரும் ஐந்து பேரின் இடங்களைக் கூட்டுவார்கள், குறைந்த கூட்டுத்தொகைக்குத்தான் வெற்றி. 1992இல் ஆடம்ஸ் ஸ்டேட் அணி, ஜோ விகில் பயிற்சியில், முதல் ஐந்து இடத்தையும் பிடித்து 15 புள்ளியோடு தேசியப் பட்டம் வென்றது, அதற்குக் கீழே கணக்கிலேயே இடமில்லை. நம் போட்டிகளில் ஆள் கணக்கு மாறும், தத்துவம் அதேதான். ஒரு நட்சத்திரத்தை வைத்துக்கொண்டு ஷீல்டு வாங்க முடியாது, கடைசியாகக் கணக்கில் வரும் பையனைத் தயார் செய்தாக வேண்டும். அதனால் நட்சத்திரமும் கொஞ்சம் மூச்சு விடும்.

பெற்றோருக்கு: சேர்ப்பதற்கு முன் ஃபீஸ் சலுகை, ஹாஸ்டல் எல்லாம் கேளுங்கள், கூடவே ஐந்து வருடம் முன்னால் அந்தக் கல்லூரியில் ஓடியவர்கள் யாராவது இன்னும் ஓடுகிறார்களா என்று கேளுங்கள். போலீஸில், ரயில்வேயில், ராணுவத்தில் ஓடிக்கொண்டிருப்பதாக நாலு பெயர் வந்தால் தைரியமாகச் சேர்க்கலாம். "எல்லாரும் இப்ப விட்டுட்டாங்க" என்றால் யோசியுங்கள்.

பயிற்சியாளர் ஆக நினைக்கும் தம்பிகளுக்கு: வழி இரண்டு. கல்லூரி வேலை என்றால் உடற்கல்வியில் முதுகலையான எம்.பி.எட்., அப்புறம் கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் அல்லது செட் தேர்வு. உடற்தகுதித் தேர்வும் உண்டு, 30 வயது வரையுள்ள ஆண்கள் 12 நிமிடத்தில் 1800 மீட்டர் கடக்கவேண்டும் (மெல்ல ஓடினாலே வந்துவிடும், ஆனாலும் மூச்சு வாங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்). காரைக்குடியிலேயே அழகப்பா உடற்கல்வியியல் கல்லூரி இருக்கிறது, சென்னை நந்தனத்தில் 1920இல் ஹாரி பக் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. இருக்கிறது. முழுநேரப் பயிற்சியாளர் என்றால் பாட்டியாலாவில் என்.ஐ.எஸ். என்கிற தேசிய விளையாட்டு நிறுவனத்தின் ஒரு வருட டிப்ளமா. ஆனால் கல்லூரி வேலையில் தடகளம் மட்டும் பார்க்கலாம் என்று நினைத்து வராதீர்கள். கபடி, வாலிபால், கேரம் எல்லாம் உங்கள் தலையில்தான், கூடவே கேட்டில் நின்று ஐ.டி. கார்டு பார்ப்பது, ஆண்டு விழாவுக்கு நாற்காலி எண்ணுவது. சுயநிதிக் கல்லூரிகளில் சம்பளத்தைக் கேட்டால் வீட்டில் பெண் தரமாட்டார்கள். பயணப்படி பில் பாஸாகி வருவதற்குள் அடுத்த சீசன் வந்துவிடும், பிள்ளைகளின் பஸ் காசும் இட்லிக் காசும் அதுவரை உங்கள் பையிலிருந்துதான்.

இவ்வளவையும் கேட்டபிறகும் ஆசை இருந்தால், ஆடி மாதம் காலை ஐந்தேகாலுக்கு எங்கள் கண்மாய்க் கரைக்கு வந்து ஒரு வாரம் கூட நில்லுங்கள். விசில் வேண்டாம். ஒரு நோட்டும் பேனாவும் போதும், யார் எப்படித் தூங்கினான், என்ன சாப்பிட்டான், எங்கே வலிக்கிறது என்று எழுத. கையில் டார்ச் இருக்கட்டும், அந்த நேரத்தில் பாம்பு நடமாட்டம் உண்டு.